அழையாத சுருதி

வீட்டில் கீபோர்டு வாசித்துப் பதிவு செய்பவர்களைப் பாடாய்ப் படுத்தும் ‘ஹம்’ இரைச்சலுக்கு ஒரு சுருதி உண்டு. ஐந்து கட்டைக்குச் சற்று மேலே அது நிற்கும். இந்தியாவில் மின்சாரம் விநாடிக்கு 50 அலைகளாக வருகிறது. பியானோவின் இடக்கைப் பகுதியில், அடிமட்டத்திலிருந்து முதலாவதாக வரும் ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் சேராது. அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மின்சாரம் ஏறியே ஒலிக்கும். ஐந்து கட்டையில் பாடும் பெண்குரலுக்குப் பின்னால் இந்த ஹம் விழுந்துவிட்டால், சுருதி சேர்க்காத தம்பூராவை யாரோ பக்கத்து அறையில் மீட்டிக்கொண்டே இருப்பது போலிருக்கும்.

அமெரிக்காவில் பதிவான ஹம்முக்கு வேறு சுருதி. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். ஏ ஷார்ப்புக்கும் பி-க்கும் நடுவே எங்கோ தொங்கும். ஜப்பானில் இரண்டும் உண்டு. 1890-களில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களை வாங்கியது, ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களை வாங்கியது. அதன் விளைவாக இன்றும் நாட்டின் கிழக்குப் பாதி 50 ஹெர்ட்ஸிலும் மேற்குப் பாதி 60 ஹெர்ட்ஸிலும் இயங்குகின்றன. டோக்கியோ ஸ்டூடியோவின் ஹம் ஒசாகா ஸ்டூடியோவின் ஹம்மோடு சேராது.

உண்மையில் காதில் விழுவது பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் அல்ல. மனிதக் காது இந்தத் தாழ்ந்த அதிர்வெண்ணில் மந்தமானது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்கும் அளவைவிட ஏறக்குறைய 40 டெசிபெல் கூடுதலாக இருந்தால்தான் 50 ஹெர்ட்ஸ் செவிக்கு எட்டும். லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கர்களால் அதை எழுப்பவே முடியாது. அங்கே கேட்பவை 100, 150, 200, 250 என்று அதன் மடங்குகளில் ஏறும் ஒலிகள். இதனால் ஒரு வேடிக்கை நேர்கிறது. வீட்டில் லேப்டாப்பில் கேட்டபோது சுத்தமாக இருந்த பதிவு, நண்பரின் காரில் வூஃபரோடு ஒலிக்கும்போது அடிவயிற்றிலிருந்து உறுமும். பதிவைச் சோதிக்க நல்ல ஹெட்ஃபோன் தேவைப்படுவது இதற்காகவே.

ஹம் வந்ததும் எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது கீபோர்டைத்தான். பாவம், அது பெரும்பாலும் நிரபராதி. ஹெட்ஃபோனைக் கீபோர்டிலேயே செருகிக் கேட்டால் ஒலி தெளிவாக இருக்கும். கேபிளை ஆடியோ இன்டர்ஃபேஸில் செருகி, இன்டர்ஃபேஸை லேப்டாப்பில் இணைத்து, லேப்டாப் சார்ஜரையும் சுவரில் மாட்டிய பிறகே உறுமல் கிளம்பும். தனித்தனியே பழுதில்லாத மூன்று கருவிகள் கூட்டுச் சேரும்போது பிறக்கும் கோளாறு இது. எதைக் கடைக்குத் தூக்கிப் போனாலும், ‘நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்பித் தந்துவிடுவார்கள்.

இந்தச் சங்கடம் தொலைபேசியின் காலத்தது. தொடக்க காலத் தொலைபேசிகளுக்கு ஒரே ஒரு கம்பிதான் இழுத்தார்கள். பேச்சு கம்பி வழியே போகும். மின்னோட்டம் திரும்பி வரப் பூமியே பாதை. செலவு பாதியாகக் குறைந்தது. 1880-களில் நகரங்களுக்கு மின் விளக்கும் மின் டிராமும் வந்து சேர்ந்தன. 1888-இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் ஃபிராங்க் ஸ்பிரேக் ஓடவிட்ட டிராம் அமைப்பு வெற்றி பெற்றதும் மற்ற நகரங்களும் அதைப் பின்பற்றின. டிராமின் மின்னோட்டமும் தண்டவாளம் வழியே, மண் வழியே திரும்பியது. தொலைபேசியும் டிராமும் ஒரே மண்ணைப் பங்கு போட்டுக்கொண்டபோது ரிசீவரில் இரைச்சல்தான் மிச்சமானது. வேறு வழியின்றித் தொலைபேசி நிறுவனங்கள் பூமியைக் கைவிட்டு இரட்டைக் கம்பிக்கு மாறின. அந்த இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் வெளித் தொல்லை குறையும் என்பதற்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

கீபோர்டிலிருந்து வரும் சாதாரணக் கேபிள் இன்னும் அந்தப் பழைய ஒற்றைக் கம்பிக் காலத்தில்தான் இருக்கிறது. உள்ளே ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னிய ஷீல்டு. இசை உள்கம்பியில் போகிறது. திரும்பும் பாதை ஷீல்டு. அந்த ஷீல்டில் சம்பந்தமில்லாத வேறு மின்னோட்டம் ஓடினால், அதையும் இசையின் ஒரு பகுதியாகவே இன்டர்ஃபேஸ் எடுத்துக்கொள்ளும். பிரித்தறிய அதற்கு வழியில்லை. ஆக, ஹம்மை விரட்டுவது என்பது ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுவதுதான்: ஷீல்டில் ஓடும் அந்த அந்நிய மின்னோட்டம் எங்கிருந்து வருகிறது?

முதல் வழி, எல்லாரும் சொல்லும் ‘கிரவுண்ட் லூப்’. பெரிய ஒர்க்ஸ்டேஷன் கீபோர்டுகள், மிக்ஸர்கள், பவர்டு ஸ்பீக்கர்கள், டெஸ்க்டாப் கணினிகள் மூன்று பின் பிளக்கோடு வருபவை. கீபோர்டின் எர்த் ஒரு சுவரிலும், கணினியின் எர்த் எதிர்ச்சுவரிலும் இருக்க, நடுவில் ஆடியோ கேபிளின் ஷீல்டு இரண்டையும் இணைத்துவிடுகிறது. கருவி, ஷீல்டு, கருவி, சுவருக்குள் ஓடும் எர்த் கம்பி என ஒரு முழு வட்டம் உருவாகிவிட்டது. மாறும் காந்தப்புலம் ஒரு வட்டத்தைக் கடந்தால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் காட்டினார். அந்த விதி படுக்கையறைக்கும் பொருந்தும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வட்டத்தின் பரப்பு இரண்டு சதுர மீட்டர், வீட்டு வயரிங்கிலிருந்து வரும் காந்தப்புலம் 0.1 மைக்ரோடெஸ்லா என்று கொண்டால், 50 ஹெர்ட்ஸில் பிறக்கும் மின்னழுத்தம் சுமார் 63 மைக்ரோவோல்ட். வீட்டுக் கருவிகளின் வழக்கமான சிக்னல் 0.316 வோல்ட். அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான் இது. 74 டெசிபெல் கீழே. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மின்மாற்றி வைத்த கனமான அடாப்டர் ஒன்று கேபிளுக்கு அருகில் கிடந்தால் அங்கே காந்தப்புலம் பல மடங்கு உயரும். போதாததற்கு, வெவ்வேறு பிளக் பாயிண்டுகளின் எர்த்துகளுக்கிடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருப்பதும் சகஜம். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் தங்கள் பங்குக்கு எர்த் கம்பியில் மின்னோட்டத்தைக் கசியவிடுகின்றன. அந்த வித்தியாசம் நேராக ஷீல்டின் மேல் வந்து விழும்.

இதற்குக் காசு செலவில்லாத மருந்து ஒன்று உண்டு. கீபோர்டு, இன்டர்ஃபேஸ், கணினி, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து ஓட்டுவது. இவை யாவும் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் பெரிதல்ல. ஒரு பாயிண்ட் தாங்கும். எர்த்துகள் ஒரே இடத்தில் கூடுவதால் அவற்றுக்கிடையே வித்தியாசம் மறைகிறது, வட்டத்தின் பரப்பும் சுருங்குகிறது. ஆடியோ கேபிளை மட்டும் பவர் கேபிளோடு சேர்த்துக் கட்டாமல் ஒதுக்கி, இரண்டும் குறுக்கிடும் இடத்தில் நேர்க்குத்தாகக் கடக்கவிட வேண்டும்.

ஆனால் நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான கேசியோ, யமஹா கீபோர்டுகள் இரண்டு பின் அடாப்டரில் ஓடுபவை. எர்த்தே கிடையாது, அங்கிருந்து லூப் உண்டாக வழியில்லை. அப்படியும் ஹம் வரும். இது வேறு கதை. சுவிட்ச் மோட் அடாப்டருக்குள், 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறு கெப்பாசிட்டரை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். ரேடியோ அலைத் தொல்லையை அடக்க அது தேவை. அதன் வழியே மிகச் சிறு மின்னோட்டம் கசிகிறது. உலோக உடம்புள்ள லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தடவினால் விரல் நுனியில் ஓடும் ‘சுர்’ உணர்வு இதுதான். மில்லியாம்பியரில் கால் பங்குக்குள் இருப்பதால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஜாக்கில் துருவேறி ஒரு ஓம் தடை உண்டாகியிருந்தால், அந்தக் கால் மில்லியாம்பியர் அங்கே கால் மில்லிவோல்ட்டாக மாறி இசையில் கலந்துவிடும்.

இதற்கு அடையாளம் சுலபம். கேபிள் ஜாக்கின் உலோகப் பகுதியையோ இன்டர்ஃபேஸின் உடம்பையோ கையால் தொட்டதும் ஹம் குறைந்தால், கருவிகளில் எதற்குமே எர்த் போய்ச் சேரவில்லை என்று பொருள். மனித உடம்பு அந்த வேலையைத் தற்காலிகமாகச் செய்கிறது. இங்கேதான் நம் ஊர் வயரிங்கைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. சாக்கெட்டில் மூன்று துளை இருப்பதாலேயே மூன்று கம்பி வந்திருக்கிறது என்று நம்ப முடியாது. பழைய வீடுகளில் மேல் துளைக்குப் பின்னால் வெறும் காற்றுதான் இருக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து இணைக்கச் சொன்னாலே பல வீடுகளில் பாதி ஹம் அடங்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேபிள் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இது.

இதற்கு நேர் எதிரான ஒரு யோசனையும் புழக்கத்தில் இருக்கிறது: எர்த் பின்னை ஒடித்துவிட்டால் லூப் அறுந்துவிடும், ஹம் போய்விடும். போய்விடும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்த யோசனை இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகரில், ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27. 1976 மே மாதம், ‘யார்ட்பேர்ட்ஸ்’ குழுவின் முன்னாள் பாடகர் கீத் ரெல்ஃப் தம் வீட்டில் மின்கிதார் வாசித்துக்கொண்டிருந்தபோது அதே விதமாக மாண்டார். பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பது அழகுக்காக அல்ல; செருகும்போது முதலில் சேரவும், பிடுங்கும்போது கடைசியில் பிரியவும்தான். ஹம்மை விரட்ட எத்தனையோ வழிகள் உண்டு. இந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்தே அடித்துவிட வேண்டும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கச் சிறந்த கருவி பேட்டரி. வீட்டுக் கீபோர்டுகள் பலவற்றின் அடியில் பேட்டரி போடும் அறை இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து திறக்காமலேயே விட்டிருப்பார்கள். அதில் பேட்டரி போட்டு, அடாப்டரைப் பிடுங்கி வாசித்துப் பார்க்கலாம். ஹம் நின்றால் அடாப்டர் வழி. நிற்காவிட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்ற வேண்டும். அப்போது நின்றால் சார்ஜர் வழி; அன்றைய பதிவை லேப்டாப் பேட்டரியிலேயே முடித்துவிடலாம், செலவே இல்லை. இரண்டிலும் நிற்கவில்லை, கேபிளை நகர்த்தும்போது மட்டும் கூடிக் குறைகிறது என்றால், அருகில் ஏதோ ஒரு மின்மாற்றியின் காந்தப்புலம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு ஹம் நின்றால், எது நிறுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

உறுமலுக்குப் பதில் ‘ஜ்ர்ர்’ என்ற கூர்மையான இரைச்சல் கேட்டால் கண்ணை மேலே உயர்த்தி ஃபேனைப் பார்க்கலாம். வட்டமாகத் திருகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஒவ்வொரு அரை அலையின் தலையையும் வெட்டி வேகத்தைக் குறைக்கிறது. வெட்டிய இடத்திலிருந்து மேல் மடங்குகள் சிதறித் தெறிக்கின்றன. ஃபேனை முழு வேகத்தில் வைத்தால் இரைச்சல் பெருமளவு குறையும். கரண்ட் போய், சதுர அலை இன்வெர்ட்டர் இயங்கும்போது இந்தத் தொல்லை இன்னும் மோசம்; சதுர அலையில் 150, 250, 350 என ஒற்றைப்படை மடங்குகள் நிறைந்திருக்கும். பழைய 2ஜி கைபேசியின் ‘டிக்டிடிக்’ எல்லாருக்கும் பரிச்சயம். அது விநாடிக்கு 217 முறை துடிக்கும் அதன் சிக்னல்.

பேட்டரியிலேயே காலம் தள்ள முடியாதவர்களுக்குத் தொலைபேசிக்காரர்களின் தீர்வு காத்திருக்கிறது. பேலன்ஸ்டு இணைப்பில் இசைக்கு இரண்டு கம்பிகள். ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் சிக்னல் போகும். வழியில் ஒட்டும் ஹம் இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். முடிவில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இசை இரட்டிக்கும், ஹம் காணாமல் போகும். கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ‘ஹம்பக்கர்’ கிதார் பிக்கப்பும் இதே கழித்தல் கணக்குதான். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் அதில் உண்டு.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கீபோர்டுக்காரர்கள் பலர் அதில் விழுகிறார்கள். வீட்டுக் கீபோர்டின் ஹெட்ஃபோன் ஜாக்கும் பேலன்ஸ்டு ஜாக்கும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்; இரண்டிலும் மூன்று தொடுபுள்ளிகள். கீபோர்டில் அவை இடது, வலது, கிரவுண்ட். ‘பேலன்ஸ்டு கேபிள் போட்டால் ஹம் போகும்’ என்று கேள்விப்பட்டு அதை இன்டர்ஃபேஸில் செருகினால், அது கடமை தவறாமல் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக வரும் பேஸும் மெலடியும் மறைந்து, ஓரத்தில் இருந்த எதிரொலி மட்டும் மிஞ்சும். கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று பயப்பட ஒன்றுமில்லை. இடதையும் வலதையும் தனித்தனியே பிரிக்கும் ஒய் கேபிள் போட்டு இரண்டு இன்புட்டுகளில் கொடுத்தால் எல்லாம் திரும்பி வரும்.

கீபோர்டை உண்மையிலேயே பேலன்ஸ்டாக மாற்ற டிஐ பாக்ஸ் என்ற சிறு பெட்டி வேண்டும், அதுவும் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக. இரண்டு சுருள்களுக்கிடையே கம்பித் தொடர்பே கிடையாது. இசை காந்தப்புலமாகத் தாண்டிப் போகிறது. ஷீல்டு வழியே சுற்றிய மின்னோட்டத்துக்கு அங்கே பாதை முடிந்தது. பெட்டியில் இருக்கும் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் சிக்னல் கேபிளின் கிரவுண்டை மட்டுமே துண்டிக்கிறது. சுவர் பிளக்கின் எர்த்தை அது தொடுவதில்லை. எர்த் பின்னை ஒடிப்பவர்கள் தேடும் பலனை ஆபத்தில்லாமல் தருவது இதுதான். மிக மலிவான பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மரின் உட்கரு சிறிது. இடக்கை பேஸ் சுரங்களைப் பலமாக அழுத்தினால் ஒலி கரகரக்கும். அந்த ஒரு விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது.

இந்தத் தொல்லையை முன்கூட்டியே யோசித்து, வடிவமைப்பிலேயே தடுத்துவிட்டவர்களும் உண்டு. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ‘நாம்’ (NAMM) இசைக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸின் ப்ரோஃபெட் 600 சிந்தசைசரும் ரோலண்டின் ஜூபிடர் 6 சிந்தசைசரும் ஒரே கேபிளில் பேசிக்கொண்டன. அதுதான் மிடி என்ற இணைப்பு முறையின் அரங்கேற்றம். டேவ் ஸ்மித்தும் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய அந்த விதிமுறையில், பெறும் கருவியின் வாசலில் ஒரு ஆப்டோ ஐசோலேட்டர் கட்டாயம். வரும் 5 மில்லியாம்பியர் மின்னோட்டம் ஒரு குட்டி எல்இடியை எரியவிடும். எதிரே உள்ள ஒளி உணரி அதைப் பார்த்துச் செய்தியைப் படிக்கும். செய்தி ஒளியாகத்தான் தாண்டுகிறது. கேபிளின் ஷீல்டையும் அனுப்பும் முனையில் மட்டுமே இணைக்க வேண்டும், பெறும் முனையில் கூடாது என்றும் எழுதி வைத்தார்கள். மின்தொடர்பு இல்லாத இடத்தில் லூப் எப்படி வரும்?

1996-இல் வந்த யூஎஸ்பி இந்த ஞானத்தைக் கோட்டைவிட்டது என்றே சொல்ல வேண்டும். அதன் கேபிளில் கிரவுண்ட் கம்பி இரு முனைகளிலும் சேர்ந்தே இருக்கிறது. கீபோர்டை யூஎஸ்பி வழியாகவும் ஆடியோ கேபிள் வழியாகவும் ஒரே கணினியில் இணைத்தால் அந்தக் கணமே ஒரு லூப் தயார், இரண்டு பின் அடாப்டராக இருந்தாலும். கூடவே ‘கீ...’ என்ற மெல்லிய ஊளையும் வரலாம். யூஎஸ்பி தன் தரவை விநாடிக்கு 1000 அல்லது 8000 கட்டுகளாக அனுப்புவதால் ஊளை அந்த அதிர்வெண்களில் அமையும். பதிவின்போது யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுவது எளிய வழி. கழற்ற முடியாவிட்டால் யூஎஸ்பி ஐசோலேட்டர் உதவும். ஆனால் மலிவான ஐசோலேட்டர்கள் விநாடிக்கு 12 மெகாபிட் வரைதான் தாங்கும்; கீபோர்டின் கேபிளுக்கு அது போதும், வேகமான இன்டர்ஃபேஸுக்குப் போதாது.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழியைப் பலர் கவனிப்பதே இல்லை. பென் டிரைவ் செருகி, தன் ஒலியைத் தானே வேவ் கோப்பாகப் பதியும் கீபோர்டுகள் இருக்கின்றன. யூஎஸ்பி வழியே ஒலியையே எண்களாகக் கணினிக்கு அனுப்புபவையும் இருக்கின்றன. இரண்டிலும் அனலாக் கேபிளே இல்லை. ஹம்முக்கு உட்கார இடமில்லை. கீபோர்டின் கையேட்டில் இந்தப் பக்கத்தைத் தேடிவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

கேபிள் வழியேதான் பதிவு என்றால் கீபோர்டின் வால்யூமைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கால்வாசியில் வைத்துவிட்டு இன்டர்ஃபேஸின் கெயினைத் திருகி ஏற்றுவது பரவலான பழக்கம். கெயின், இசையையும் கேபிளில் ஒட்டிய ஹம்மையும் சேர்த்தே தூக்கும். கீபோர்டில் சிக்னலைப் பத்து மடங்கு கூட்டி, இன்டர்ஃபேஸில் பத்து மடங்கு குறைத்தால், இசை அதே அளவில் இருக்க ஹம் மட்டும் 20 டெசிபெல் இறங்கிவிடும். கீபோர்டு வால்யூம் முக்கால் பங்கு இருக்கட்டும்.

பதிவான பிறகு சாஃப்ட்வேரில் ஹம்மை நீக்கிக்கொள்ளலாமே என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். 61 கட்டைக் கீபோர்டின் மிகத் தாழ்ந்த சி, 65 ஹெர்ட்ஸ். ஆகவே 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டினால் இசைக்கு நஷ்டமில்லை. அதன் மடங்குகளில்தான் வில்லங்கம். 100 ஹெர்ட்ஸ் ஜி சுரத்தின் பக்கத்தில், 150 டி-யின் பக்கத்தில், 200 மறுபடி ஜி, 250 பி. ஜி மேஜர் கார்டு முழுவதும் ஃபில்டரின் வாயில் விழுகிறது. மேலும் மின்சாரம் துல்லியமாக 50-இலேயே நிற்பதில்லை. இந்திய மின்தொகுப்புக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை. பத்தாவது மடங்கில் இந்த ஊசலாட்டம் பத்து மடங்காகி ஒன்றரை ஹெர்ட்ஸ் ஆகிவிடும். குறுகிய ஃபில்டர் தவறவிடும், அகன்ற ஃபில்டர் இசையைக் கடிக்கும். இந்த ஊசலாட்டத்தையே தடயமாக்கியவர் ருமேனியாவின் கடாலின் கிரிகோராஷ். ஒரு பதிவில் ஒட்டியிருக்கும் ஹம்மின் ஏற்ற இறக்கத்தை மின்தொகுப்பின் குறிப்புகளோடு ஒப்பிட்டால், அது எப்போது பதிவானது, நடுவில் வெட்டி ஒட்டப்பட்டதா என்பதைச் சொல்லிவிடலாம் என்று அவர் காட்டினார். லண்டன் மெட்ரோபொலிட்டன் காவல்துறையின் ஆய்வகம் மின்தொகுப்பின் ஹம்மை இரவு பகலாகப் பதிந்து வைத்திருக்கிறது.

எல்லாம் செய்தும் கொஞ்சம் ஹம் மிஞ்சினால், ஆடாசிட்டி போன்ற மென்பொருள்களில் உள்ள இரைச்சல் நீக்கியைக் கடைசி உதவியாக, மென்மையான அளவில் பயன்படுத்தலாம். அதற்கு ஹம் மட்டும் தனியாக ஒலிக்கும் ஒரு மாதிரி வேண்டும். ஆகவே பதிவு பொத்தானை அழுத்தியதும் உடனே வாசிக்கத் தொடங்காமல், கீபோர்டின் வால்யூம், கேபிள், ஃபேன், சார்ஜர் எதையும் மாற்றாமல், கட்டைகளிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பத்து விநாடி சும்மா ஓடவிடுங்கள்.